டீசண்ட்டா எழுதச் சொல்றாங்க

புந்தோங்கில் வளர்ந்த யாருக்கும் இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. "டீசண்ட்டா உடுத்திக்கிட்டுப் போ." "டீசண்ட்டான சம்பளம்தான், வேலையை விட்டுடாத." "பொண்ணு வீடு டீசண்ட்டான குடும்பம்." மூன்றிலும் ஒரே சொல்தான். முதல் வாக்கியத்தில் துணி, இரண்டாவதில் காசு. மூன்றாவதில் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அப்பா குடிக்கமாட்டார், வீட்டில் யாரும் போலீஸ் லாக்கப் பார்த்ததில்லை, முடிந்தால் சாதியும் ஒத்துவரும் என்றெல்லாம் கேட்பவர் தானாகவே புரிந்துகொள்ள வேண்டும்.

ஈப்போவுக்கு வெளியே ஊர் எது என்று கேட்டு, நான் புந்தோங் என்று பதில் சொன்னால் சிலர் ஒரு நொடி நிறுத்துவார்கள். அந்த ஒரு நொடியிலும் இந்தச் சொல்தான் இருக்கிறது. கச்சாங் பூத்தே கம்பம் இருக்கிற ஊர், சாயங்காலம் ஆனால் தெருவெல்லாம் முறுக்கும் ஓமப்பொடியும் பொரிகிற எண்ணெய் வாசனை என்று அவர்களிடம் சொல்லிப் பார்ப்பேன். அவர்கள் கேள்விப்பட்டிருப்பது வேறு கதைகளை. படிக்கிற காலத்தில் என் அம்மா முகவரி எழுதும்போது 'புந்தோங்' என்பதை விட்டுவிட்டு 'ஈப்போ' என்று மட்டும் எழுதுவார். தபால்காரர் எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஓர் இலக்கியச் சந்திப்பு. அங்கே நான் ஒரு சிறுகதை வாசித்தேன். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த ஒரு குடும்பத்தில் நடக்கும் சண்டைதான் கதை. வாசித்து முடித்ததும் மூத்தவர் ஒருவர், நல்ல மனிதர், மெதுவாகச் சொன்னார்: "கதை நல்லாருக்கு தம்பி. ஆனா கொஞ்சம் டீசண்ட்டா எழுதியிருக்கலாம். நாலு பேர் படிக்கிறது." கோபப்படவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லையே நோண்ட ஆரம்பித்தேன்.

'டீசண்ட்' ஆங்கிலத்துக்கு 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனில் 'தெக்கேரே' என்ற வினை. அதற்குப் பொருள் 'பொருந்துதல்', 'தகுதல்'. மூடிக்கொள்வது, அடக்கமாக இருப்பது, கெட்ட வார்த்தை பேசாமல் இருப்பது எல்லாம் பிறகு வந்து ஏறிய பொருள்கள். வேரில் இருப்பது ஒரே கேள்வி: இது இதற்குப் பொருந்துகிறதா? அதே வேரிலிருந்து வந்தவைதான் டெக்கரேஷன், டெக்கோரம், டிக்னிட்டி எல்லாம். அதாவது அலங்காரம், அவைப் பண்பு, மாண்பு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். வளர்ந்த பிறகு ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் போய்விட்டன.

தமிழிலும் இதற்கு ஈடான வினை இருக்கிறது: 'தகு'. தக்கது, தகுதி, தகவு, தகைமை, தகாதது எல்லாம் அதிலிருந்து வருபவை. பத்திரிகைக்காரர்கள் 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று எழுதும்போது லத்தீன்காரர்கள் செய்த அதே வேலையைத்தான் செய்கிறார்கள். 'இங்கே பொருந்தாதது' என்ற சொல்லை எடுத்து, 'எங்கேயுமே கூடாதது' என்று பூட்டிவிடுகிறார்கள். நன்னூல் தகுதி வழக்கு என்று ஒன்றைச் சொல்லி அதை மூன்றாகப் பிரிக்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. நாம் 'பாத்ரூம் போறேன்' என்பதும், செத்தவரை 'தவறிட்டார்' என்பதும், தட்டார் தங்கத்துக்குத் தங்களுக்குள் வேறு பேர் வைத்துக்கொள்வதும் ஒரே பெட்டிக்குள் வருகின்றன. பள்ளியில் மனப்பாடம் பண்ணியபோது எனக்கு இது விசித்திரமாகத்தான் இருந்தது. கெட்ட வார்த்தையை மறைப்பதும் தொழில்காரர்களின் ரகசிய மொழியும் எப்படி ஒரே இனம்? இப்போது புரிகிறது. மூன்றுமே 'யாரிடம், எங்கே நின்று பேசுகிறோம்' என்பதைப் பொறுத்தவை.

தொல்காப்பியர் இன்னும் கூர்மையானவர். அவர் பயன்படுத்தும் பெயர் 'அவையல் கிளவி'. அவையில் சொல்லத்தகாத சொல். அவர் அதைக் கெட்ட சொல் என்று சொல்லவே இல்லை. சொல்லில் குற்றம் இல்லை, இடம்தான் பொருந்தவில்லை. அதோடு, வழங்கி வழங்கிப் பழகிப்போன சொற்களை மறைக்க வேண்டியதில்லை என்று ஒரு விலக்கும் தருகிறார். நம் காலத்துத் தணிக்கையாளர்களைவிட எவ்வளவோ நிதானம்!

அப்படியானால் ஒரு நாவல் அவையா? தனியாகப் படுக்கையில் கிடந்து, விளக்கைச் சாய்த்துவைத்துப் படிக்கிற ஒன்றை அவை என்று எப்படிச் சொல்வது? மூத்தவர் சொன்ன 'நாலு பேர்' யார்? இந்தக் கேள்வியை இப்போதைக்கு அப்படியே வைத்துவிட்டுப் போகிறேன்.

சிசரோ கி.மு. 44-இல் தன் மகனுக்குக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். கிரேக்கர்கள் 'ப்ரெப்போன்' என்று சொன்னதை லத்தீனில் 'டெக்கோரம்' என்று சொல்லி, எது தகும், எது தகாது என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார். அதில் உதாரணத்துக்கு அவர் போகிற இடம் கவிதையும் நாடகமும்தான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதற்குத் தக்க பேச்சைக் கொடுப்பதுதான் கவிஞனின் தகவு என்கிறார். அத்ரேயஸ் என்ற கொடுங்கோலன் மேடையில் கொடூரமாகப் பேசினால் கூட்டம் கைதட்டுகிறது, ஏனென்றால் அந்தப் பேச்சு அவனுக்குப் பொருந்துகிறது. அதே வசனத்தை நீதிமான் ஒருவன் வாயில் வைத்தால் அதுதான் தகாதது. சொல்லின் பிறப்பிடத்திலேயே இருக்கிற இந்த விதியை எடுத்துக்கொண்டால், கள்ளுக்கடையிலிருந்து வருகிற ஒரு மரம்வெட்டுக்காரர் மேடைப் பேச்சாளர் தமிழில் மனைவியோடு சண்டைபோடுகிற கதைதான் 'இன்டீசண்ட்'. அவர் வாயில் வருவதையே எழுதினால் அது டீசண்ட்.

எனக்கு வசதியான இடத்தில் நிறுத்திக்கொண்டால் அது நேர்மையில்லை. அதே நூலில், அதே முதல் பாகத்தில், உடம்பின் சில உறுப்புகளை இயற்கையே மறைத்து வைத்திருக்கிறது, அவற்றைப் பேர்சொல்லி அழைப்பதும் தகாது என்றும் சிசரோ எழுதியிருக்கிறார். கூச்சமில்லாமல் பேசிய சினிக்குகளைத் திட்டுகிறார். ஆக இந்தச் சொல் பிறந்த நாளிலிருந்தே இரட்டை நாக்குடன்தான் இருக்கிறது. ஒரு நாக்கு பொருத்தம் என்கிறது, இன்னொன்று மூடு என்கிறது. பின்னால் வந்தவர்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கில நாடகக் கொட்டகையில் ஒப்பனையறைக் கதவைத் தட்டி 'டீசண்ட்டா?' என்று கேட்டால் 'துணி போட்டிருக்கிறாயா?' என்று அர்த்தம். அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இதன் பக்கத்து வீட்டுச் சொல் ஒன்று இருக்கிறது: ப்ரொப்ரைட்டி. ஒழுங்குமுறை, நயத்தக்க நடத்தை என்று இன்று அதற்குப் பொருள். ஆனால் ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அதன் பொருள் சொத்துரிமை. 'ப்ராப்பர்ட்டி'யும் அதுவும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்கள். 'தனக்குச் சொந்தமானது' என்ற லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் மூலம். நல்ல நடத்தை என்ற அர்த்தம் அதில் உறுதியாக நின்றது 18-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொத்து யாருடையதோ நடத்தை விதியும் அவருடையது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பும் மருத்துவ வசதியும் கேட்டார்கள். இவற்றோடு ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. சைக்கிளை விட்டு இறங்குவதுதான் அன்றைக்கு மரியாதை, அன்றைக்கு டீசண்ட். இன்னொரு கோரிக்கை, தங்கள் வீட்டுப் பெண்களை வெள்ளைக்காரர்களும் தோட்ட உத்தியோகஸ்தர்களும் தொந்தரவு செய்வது நிற்க வேண்டும் என்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சைக்கிளை விட்டு இறங்காத தமிழன் தகாதவன். அவன் பெண்டாட்டி மேல் கை வைக்கிற ஆள் தகுந்தவர், கழுத்தில் டை கட்டியவர். போராட்டத்தை நடத்திய ஆர்.எச். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

'மரியாதை' என்ற சொல்லுக்கே சமஸ்கிருத மூலத்தில் எல்லை, வரம்பு என்றுதான் பொருள். உன் வரம்பில் நில். 'நாகரிகம்' நகரத்திலிருந்து வருகிறது. அதனால் தோட்டத்துக்காரன் பேச்சு பிறப்பிலேயே அநாகரிகம், அவன் என்ன பேசினாலும். இந்தச் சொற்களோடுதான் நாம் விமர்சனம் எழுதுகிறோம்.

1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் பேசினார். என் ஊருக்கு வெகு பக்கத்தில். அவர் கொண்டுவந்த சொல் 'சுயமரியாதை'. எல்லை என்ற பொருளுள்ள சொல்லுக்கு முன்னால் 'சுய' என்று சேர்த்ததும் அது தலைகீழாகிவிட்டது: என் வரம்பை நானே போட்டுக்கொள்வேன். ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்தில் வருகிற சொல் டிக்னிட்டி, அதாவது டீசண்ட்டின் உடன்பிறப்பு. ஒன்று அடுத்தவர் கண்ணில் நான் எப்படித் தெரிகிறேன் என்று கேட்கிறது. இன்னொன்றுக்கு அந்தக் கண் தேவையில்லை.

இப்போது அந்த 'நாலு பேர்' கேள்விக்கு வருகிறேன்.

2020 டிசம்பரில் ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை மலேசிய உள்துறை அமைச்சு தடை செய்தது. பயன்பட்டது 1984-ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டம். அந்த ஆணையின் பெயரில் இருக்கிற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் சொன்னால் 'விரும்பத்தகாத வெளியீடுகள்'. பார்த்தீர்களா, அங்கேயும் 'தகாத' வந்துவிட்டது. யாரால் விரும்பத்தகாதது என்பதை மட்டும் ஆணை சொல்வதில்லை. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்பது காரணம். அமைச்சு அதிகாரி ஒருவர் தமிழ்ப் புத்தகக் கடையில் தானாக வந்து புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது அல்ல இது. புகார் சொன்னதும் தடை கேட்டதும் தமிழர்கள். கெடா தோட்டப்புறத்து மனிதர்கள் பேசுகிற பேச்சு நம்மை அவமானப்படுத்துகிறது என்றார்கள்.

இந்த எதிர்ப்பைக் கிண்டலடித்துவிட்டுப் போவது சுலபம். முகநூலில் அன்றைக்குப் பலர் அதைத்தான் செய்தார்கள். என்னால் முடியவில்லை, ஏனென்றால் முகவரியில் ஊர்ப் பேரை விடுகிற ஒரு அம்மாவின் பிள்ளை நான். அந்த நாலு பேர் யாரென்று எனக்குத் தெரியும். பக்கத்து மேசையில் உட்காரும் மலாய்க்காரர், சீன முதலாளி, வேலைக்கு நேர்முகம் எடுப்பவர். குடிகாரன், கேங்ஸ்டர் என்று ஏற்கெனவே ஒரு படம் அவர்கள் மண்டையில் இருக்கிறது, அதற்கு நாமே சட்டம் போட்டு மாட்டிக்கொடுப்பதா என்பதுதான் பயம். அது பொய்ப் பயம் இல்லை. ஆனால் அந்தப் பயத்தின்படி நடந்தால், தமிழில் எழுதுகிற ஒரு நாவலைத் தமிழ் படிக்கத் தெரியாத மூன்று பேருக்காக எழுத வேண்டும். தொல்காப்பியரின் அவையில்கூட உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டிலும் இது நடந்ததுதான். குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002-இல் வந்தபோது தலைப்பே பலருக்குத் தாங்கவில்லை. ஆண்டாளும் சங்கக் கவிகளும் கூசாமல் கையாண்ட சொல் அது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' விவகாரத்தில் 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு ஒரு விஷயம். இந்தியாவில் 2024 வரை நடப்பில் இருந்த தண்டனைச் சட்டத்தில் ஆபாச நூல்களுக்கான பிரிவு 292, மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் அதே 292. இரண்டுக்கும் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன அச்சுதான். நம் கூச்சத்துக்குக்கூட எண்ணைப் போட்டுக் கொடுத்தது அவர்கள்.

'ஆபாசம்' என்ற சொல்லும் தன் பங்குக்கு ஒரு கதை வைத்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் அதன் பொருள் தோற்றம், போலி. தர்க்க நூல்களில் வருகிற 'ஹேத்வாபாசம்' என்பது காரணம் மாதிரி தெரிந்தும் காரணம் இல்லாத ஒன்று, போலிக் காரணம். நியாயப்படி ஆபாச இலக்கியம் என்றால் போலி இலக்கியம். அந்த அளவுகோலோடு நம் அலமாரியைப் பார்த்தால் ஆபாசமாக நிற்பவை வேறு புத்தகங்கள். லயத்து வீட்டில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மரம் வெட்டப் போகிற பெண், புருஷன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு 'சென்று வருகிறேன் அத்தான்' என்கிற கதைகள் எத்தனை படித்திருக்கிறோம்! அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு அதற்கு நியாயம் இருந்தது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத சனங்களுக்கு நல்ல தமிழ் கொடுக்க நினைத்தார்கள். நோக்கம் பெரியது, கதை போலி. சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' மாதிரி ஒரு நாவல் தோட்டத்துப் பேச்சையே மூச்சாக எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் நம் வீட்டுக் குரல் அச்சில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்காக என் வயதுக்காரர்கள் செய்வதை எல்லாம் தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். இரண்டு பக்கத்துக்கு ஒரு வசைச்சொல் போட்டால் தோட்டம் வந்துவிடும் என்று நினைக்கிற கதைகள் இப்போது நிறைய வருகின்றன. கறிக்கு உப்பு போடுகிறவன் மாதிரி இல்லை, கேக்குக்கு மேலே செர்ரி வைக்கிறவன் மாதிரி. டெக்கரேஷன். அதுவும் 'தெக்கேரே' வழியில் வந்ததுதான் என்று முதலிலேயே சொன்னேன். பழைய எழுத்தாளர் 'அத்தான்' போட்டு அலங்கரித்தார், இவர்கள் வேறொன்றைப் போட்டு அலங்கரிக்கிறார்கள். எந்த வசை எந்த நேரத்தில், எந்த உறவில், எவ்வளவு சத்தத்தில் வரும் என்று கேட்டுப் பழகாத காது இரண்டிலும் ஒன்றுதான். சண்டையில் வருகிற வசை வேறு, கொஞ்சலில் வருவது வேறு. செத்த வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே, செத்தவனையே திட்டி அழுகிற பெண்ணின் வசை இன்னும் வேறு. என் கதையும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பியதா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அதனால் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் முப்பது வருசம் மரம் வெட்டியவர். எண்பதுகளில் தோட்டம் கைமாறியபோது புந்தோங்குக்கு வந்து, கச்சாங் பூத்தே போடுகிற வீட்டில் முறுக்குப் பிழிந்து பிள்ளைகளைக் கரையேற்றியவர். எழுதப் படிக்கத் தெரியாது. டீவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, முறத்தில் கடலையைப் புடைத்துக்கொண்டே கேட்டார். மூத்தவர் முகம் சுளித்த இடம் வந்தபோது எனக்குத்தான் குரல் இறங்கியது. பாட்டி சிரித்துவிட்டார். "சத்தமா படிடா. இதுக்கு என்னா வெக்கம்."

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மருமகள் மாமியாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிற இடம். எனக்கு ரொம்பப் பிடித்த வரி அது. முறம் நின்றுவிட்டது.

"அப்படியா எழுதிருக்க?"

"ஏன் பாட்டி, கெட்ட வார்த்தையா?"

"அது இல்லடா. மாமியா மூஞ்சிக்கு நேரா எவடா சொல்லுவா? குசினிக்குள்ள போயி சட்டிய உருட்டிக்கிட்டே சொல்லுவா. கெழவிக்குக் கேக்கணும், ஆனா கேட்ட மாதிரி இருக்கக்கூடாது."

அன்றிரவே அந்த வரியை வாசலிலிருந்து எடுத்துக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன். வார்த்தையை மாற்றவில்லை.